விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து

மேனேஜர் மிஸ்டர் லிம் அந்தத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அடியில் இருந்த கையெழுத்தின்மேல் பேனா முனையை வைத்தார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?" என்று மலாயில் கேட்டார்.

பிள்ளைகளா, சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் தாளை உயர்த்திப் பிடித்து, கூண்டில் நிற்பவனிடம் இதே கேள்வியைக் கேட்பதை நான் எத்தனை படத்தில் பார்த்திருப்பேன்! பின்னால் மேளச் சத்தம் 'தடார்' என்று விழும். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவார்.

அந்த அறையில் மேளம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம்தான். மேசை நடுவில் ஒரு தட்டு நிறையக் கறிபாப் பலகாரம், மேலே டிஷ்யூ போட்டு மூடியிருந்தது. யாரும் தொடவில்லை. எண்ணெய் ஊறி டிஷ்யூ கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

எதிரே, என்னோடு வேலை செய்யும் சரோஜா உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. அவர் என்னைப் பார்க்கவில்லை.

கோர்ட்டுப் பட வீடு

போன வாரம் நான் எழுதிய மோட்டார் சைக்கிள் கதையைப் படித்துவிட்டு, "அப்பா, நம்ம வீட்டுக் கோர்ட்டுப் படத்தப் பத்தி எப்ப எழுதுவீங்க?" என்று யாழினி கேட்டாள். அவளே கேட்டதால் எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமையான விஷயம் குறைவு.

ஜொகூர் மாநிலத்து மாசாயில் எங்கள் வீடு வரிசை வீடு. சுவர் மெல்லியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் வழக்கு நடந்தால் பக்கத்து வீட்டுக்கும் தீர்ப்புக் கேட்கும். மற்றவர்கள் காதல் படம், பேய்ப் படம் பார்ப்பார்கள். எனக்குக் கோர்ட்டுப் படம்தான். மந்திரியின் மகன் காரை ஏற்றிக் கொன்றுவிடுவான். போலீஸ் மறைக்கும். பத்திரிகைக்காரன் காணாமல் போவான். கடைசியில் யாரோ ஒரு வக்கீல், சட்டையில் பொத்தான் இல்லாதவன், எழுந்து நிற்பான். அவன் எழுந்து நிற்கும்போது நானும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்.

"பாருங்க, இப்பதான் வைக்கப் போறான் ஆப்பு!" என்பேன்.

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்," என்பாள் உங்கள் அம்மா தேவி, கீரை ஆய்ந்துகொண்டே. "சத்தம் மட்டும் போதும்னா."

நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி. அப்புறம் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு ஒரு வருடம், படிவம் ஒன்றில் பாதி. அவ்வளவுதான். மலாய் வேலையிடத்தில் பேசிப் பேசி வந்தது. ஆங்கிலம் காதில் விழுந்தால் பாதி புரியும். தாளில் பார்த்தால் எறும்பு வரிசை.

உண்மையான கோர்ட்டை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக ஜொகூர் பாருவில் கூப்பிட்டார்கள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மேடையில் ஒரு சின்ன வயதுப் பெண் உட்கார்ந்திருந்தார். சத்தமே போடவில்லை. மொழிபெயர்ப்பாளர் தமிழில் ஒரு வாக்கியம் கேட்டார். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்து ஐஸ் தேத்தண்ணி குடித்தேன். படத்தில் காட்டுவதில் பாதி பொய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எந்தப் பாதி என்று தெரிந்தது பிறகுதான்.

மூன்றாம் நம்பர் மிஷின்

அப்போது நான் பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர். எட்டு மிஷின், எட்டுப் பேர். மூன்றாம் நம்பரில் சரோஜா.

அந்த மிஷினுக்கு முன்னால் ஒரு கதவு உண்டு. கதவைத் திறந்தால் மிஷின் தானாக நின்றுவிட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைக் கையால் எடுத்துவிட்டுக் கதவை மூடினால் மறுபடி ஓடும். நின்று நின்று ஓடினால் உற்பத்தி குறையும். அதனால் ஒரு காலையில், ஆப்பரேட்டர்கள் வருமுன், எங்கள் சூப்பர்வைசர் குணா, டெக்னீசியனைக் கூப்பிட்டுக் கதவுச் சுவிட்சின்மேல் டேப் ஒட்டச் சொன்னார். ஒட்டினால் மிஷினுக்குக் கதவு எப்போதும் மூடியிருப்பதாகவே தோன்றும். திறந்தாலும் ஓடும்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கறுப்பு டேப். பல்லால் கடித்துக் கிழித்தார்கள்.

"போஸ், ஆப்பரேட்டருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சரோஜா வழக்கம்போலக் கதவைத் திறந்தார், மிஷின் நின்றுவிடும் என்று நம்பி. வலது கையில் இரண்டு விரல் நசுங்கியது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

சாயங்காலம் குணா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் கவலை. கையில் ஒரு தாள், ஆங்கிலத்தில் டைப் அடித்தது.

"அண்ணே, அக்கா பாவம்லா. காப்புறுதிப் பணம் கெடைக்கச் சீக்கிரம் அனுப்பணும். நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு ஒரு ஃபாரம். சும்மா ஃபார்மாலிட்டி. இங்க ஒரு சைன்."

விரலை வைத்துக் காட்டினார்.

"என்னா போட்டிருக்கு போஸ்?"

"ஆக்சிடென்ட் நடந்துச்சுன்னு போட்டிருக்கு. வேற என்னா போடுவாங்க? அலமாக், என்மேல நம்பிக்கை இல்லையா அண்ணே?"

அவர் விரல் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த விரல் எனக்குப் புதிதல்ல

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். குளுவாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் என் அப்பா பால்மரம் வெட்டினார். காலையில் பெரட்டு நடக்கும். எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவது. அப்பா அங்கே எதற்கும் வாய் திறந்ததில்லை. கணக்கு எழுதும் கிராணி ஏதாவது தாளை நீட்டி விரலை வைத்தால், அந்த விரலுக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். என்ன தாள் என்று கேட்பது மரியாதைக் குறைவு. 'நான் உங்களை நம்பவில்லை' என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்ன மாதிரி.

அதே அப்பா, சினிமாக் கொட்டகையில் முதலாளியைக் கூண்டில் ஏற்றும்போது எழுந்து நின்று விசில் அடிப்பார். ஒரு தடவை திரும்பி வரும்போது கேட்டேன்.

"ஏன்ப்பா, நீங்க கிராணிகிட்ட இப்படிக் கேட்டா என்னா?"

"அது படம்டா," என்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டே இருந்தார்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. எஸ்டேட் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். எனக்கு என்ன சாக்கு? என் வீடு என் பெயரில் இருந்தது. ஆனாலும் குணா விரலை வைத்தபோது என் கை அப்பாவின் கையாகத்தான் போயிற்று.

யாழினி படித்த தாள்

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் சரோஜா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் வந்திருந்தார், கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு. இடது கையில் ஒரு கடித உறை.

"உள்ள வாங்கக்கா," என்றாள் தேவி.

"இருக்கட்டும். அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "இத நீங்களா சொன்னீங்க?"

உறையில் இரண்டு தாள். ஒன்று, ஏன் உங்களை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம். பாதுகாப்புச் சுவிட்சைச் சரோஜாவே கெடுத்துவிட்டார் என்று எழுதியிருந்ததாம். இன்னொன்று, அதற்குச் சாட்சி. கீழே என் கையெழுத்து.

எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. யாழினிதான் வாங்கிப் படித்தாள். அப்போது அவள் இரண்டாம் படிவம். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். 'சரோஜா டேப் ஒட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நான் எச்சரித்தும் அவர் கேட்கவில்லை.' இந்த இடத்தில் அவள் குரல் இறங்கியது. முடித்துவிட்டுத் தாளை என்னிடம் தரவில்லை. சரோஜாவிடம் கொடுத்தாள்.

"நான் அப்படிச் சொல்லலக்கா," என்றேன். "படிக்காம சைன் பண்ணிட்டேன்."

"நானும் நம்பித்தான் மிஷின் கதவத் தொறந்தேன்," என்றார் சரோஜா. "எனக்கு ரெண்டு விரல் போச்சு. இப்ப வேலையும் போகப் போவுது. உங்களுக்கு என்னா போச்சு அண்ணே?"

தேவி கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலப் படம் போட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். படத்தில் ஒரு சாட்சி வந்தான். இரண்டே காட்சி. கசங்கிய சட்டை. பெரிய மனிதன் கேட்டதற்காகப் பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டவன். அவன் கூண்டில் தலைகுனிந்து நிற்கும்போது, நம் கவின், ஆறு வயசு, கத்தினான்:

"இவன் கெட்டவன்! இவனாலதான் எல்லாம்!"

யாழினி தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருடமாக நான் கறுப்புக் கோட்டுக்காரனோடு சேர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். மந்திரியும் முதலாளியும் மட்டும் நினைத்தால் யாரையும் நசுக்க முடியாது. அவர்களுக்கு இந்தக் கசங்கிய சட்டைக்காரன் வேண்டும். அது நான்தான். எழுந்து அடுப்படிக்குப் போய்க் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினேன்.

கண்ணாடி முன்னால் வக்கீல்

சரோஜாவை வேலைநீக்கம் செய்வதற்குமுன் கம்பெனி உள்விசாரணை வைக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கம்பெனி சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் குணா கேண்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, சைன் உங்களோடதான்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருங்க. ரெண்டு நிமிஷம். உங்க பேரு அசிஸ்டன்ட் சூப்பர்வைசர் லிஸ்ட்ல இருக்கு, தெரியும்ல?"

"தெரியாது போஸ்."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். 'நீதி என்பது ஏழைக்கு ஒன்று, பணக்காரனுக்கு ஒன்றா?' என்று தொடங்கி ஐந்து நிமிடம். கையை நீட்டும்போது பல்துலக்கும் பிரஷ் எல்லாம் விழுந்தது.

"அம்மா, அப்பா யார்கிட்டயோ சண்ட போடுறாரு," என்று கவின் வெளியே நின்று சொன்னது கேட்டது.

தேவி கதவைத் தட்டினாள். "என்னாங்க, அங்க போயி இந்த வசனம்லாம் வேணாம். என்னா நடந்துச்சோ அதச் சொல்லுங்க. வேல போனா போவட்டும். நானும் சம்பாதிக்கிறேன்ல."

எழுதிக்கொடு என்றார்கள்

இப்போது மறுபடியும் அந்த அறை. கறிபாப் தட்டு. மிஸ்டர் லிம் என் கையெழுத்தின்மேல் பேனாவை வைத்திருக்கிறார். அவர் வேறு பகுதி மேனேஜர், எங்களைத் தெரியாதவர். விசாரணைக்குத் தலைவர். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். கடைசியில் கக் யாத்தி, ஆபீசில் வேலை செய்யும் மலாய்க்காரப் பெண், எல்லாவற்றையும் மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனி சார்பில் பேச குணா.

"கையெழுத்து என்னுடையது," என்றேன் மலாயில். "மேலே இருப்பது நான் சொன்னதல்ல."

"ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்," என்றார் குணா, அவசரமாக.

"கையெழுத்துக்கு ஆமாம். தாளுக்கு இல்லை."

கண்ணாடி முன்னால் பேசிய வசனம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. நல்லதாகப் போயிற்று.

மிஸ்டர் லிம் முதுகை நாற்காலியில் சாய்த்தார். "அப்படியானால் நீங்கள் சொல்லவேண்டியதை எழுதிக் கொடுங்கள். இப்போதே." வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார்.

பேனாவை எடுத்தேன். மலாயில் எழுதினால் எழுத்துப்பிழை வரும். பிழையைப் பிடித்துக்கொண்டு இவனுக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். ஆங்கிலம் இல்லவே இல்லை. எனக்குத் தப்பில்லாமல் எழுத வந்தது ஒன்றுதான். குனிந்து எழுதினேன். தமிழ்ப்பள்ளி வாத்தியார் சொல்லிக்கொடுத்த குண்டு எழுத்து, வரிக்கு வரி இடம் விட்டு. பத்து நிமிடம் ஆகியிருக்கும். எழுதி முடித்துக் கீழே கையெழுத்துப் போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பித் தள்ளினேன்.

மிஸ்டர் லிம் பார்த்தார். தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"தமிழ். எனக்குப் படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்கினீர்கள். இது எனக்குப் படிக்கத் தெரிந்த தாள். யாரையாவது கூப்பிட்டுப் படியுங்கள்."

அறையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. கக் யாத்தி என்று நினைக்கிறேன்.

மிஸ்டர் லிம் குணாவைப் பார்த்தார். "நீங்கள் தமிழர்தானே? படியுங்கள்."

குணா முகம் கறுத்தது. "நான் மலாய்ப் பள்ளியில் படித்தவன். பேசுவேன். படிக்கத் தெரியாது."

அது பொய்யில்லை. அவர் தமிழ் படித்ததே இல்லை.

"நான் படிக்கிறேன்," என்றது ஒரு குரல்.

சரோஜா.

"குற்றம் சாட்டப்பட்டவரே படிப்பதா?" என்று குணா எழுந்துவிட்டார். "இவர் மாற்றிப் படிப்பார்!"

"உங்களுக்குக் காதில் கேட்டால் புரியும் அல்லவா?" என்றார் மிஸ்டர் லிம். "அவர் வாசிக்கட்டும். ஒவ்வொரு வரியும் என்னவென்று நீங்கள் மலாயில் சொல்லுங்கள். மாற்றினால் உடனே சொல்லுங்கள்."

தாள் சரோஜாவிடம் போயிற்று. இடது கை ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தார்.

"'மூன்றாம் நம்பர் மிஷின் கதவுச் சுவிட்சில் டேப் ஒட்டியிருந்தது.'"

குணா மலாயில் சொன்னார். மிஸ்டர் லிம் என்னைப் பார்த்தார். "பெத்துல்?" சரியா என்று கேட்கிறார்.

"பெத்துல்."

"'ஒட்டியது சரோஜா இல்லை. ஒட்டச் சொன்னது சூப்பர்வைசர் குணா.'"

குளிர்சாதனப் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது.

"அவர் என்ன படித்தார்?" என்று கேட்டார் மிஸ்டர் லிம். "சொல்லுங்கள்."

குணா சொன்னார். தன் பெயரைத் தானே சொன்னார். கக் யாத்தியின் விரல்கள் டக்டக் என்று ஓடின.

"'நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சரோஜாவிடம் சொல்லவில்லை. அது என் தப்பு.'" இங்கே சரோஜா நின்றார். முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினார். "'ஆங்கிலத் தாளில் உள்ளது நான் சொன்னது அல்ல. அதை எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.'"

முடிந்ததும் மிஸ்டர் லிம் கக் யாத்தி எழுதியதை அச்சடிக்கச் சொன்னார். தாள் வந்தது. என் முன்னால் வைத்து, அடியில் விரலைக் காட்டினார்.

"இங்கே கையெழுத்து."

"முதலில் படித்துக் காட்டுங்கள்," என்றேன்.

படித்துக் காட்டினார்கள். முழுவதும். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள்.

படம் முடிந்த பிறகு

படமாக இருந்தால் குணா கையில் விலங்கு மாட்டி, முதலாளி தலைகுனிந்து, கடல் பக்கம் சூரியன் உதிப்பதைக் காட்டுவார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. குணாவை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். சரோஜா மேலிருந்த குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கடிதம் வந்தது. அதையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். யாழினி மூன்று தடவை படித்தாள். இந்த முறை தேத்தண்ணியைக் குடித்தார். பொருள்களைச் சரிபார்க்கும் பகுதியில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். எட்டு மிஷினிலும் கதவுச் சுவிட்சுக்கு மேல் இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். டேப் ஒட்ட வழியில்லை.

அசிஸ்டன்ட் சூப்பர்வைசர் லிஸ்டில் என் பெயர் இல்லை. லைன் லீடர் பதவியும் போயிற்று. பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அதோடு எனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம். முரண்பட்ட வாக்குமூலம் கொடுத்து நிர்வாகத்துக்குச் சிரமம் ஏற்படுத்தினேனாம்.

டேப்பைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டதற்காக எச்சரித்திருந்தால் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருப்பேன். வாயைத் திறந்ததற்காக எச்சரித்திருந்தார்கள்.

கக் யாத்திதான் கடிதத்தைக் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்று அடியில் விரலை வைத்தார்.

நான் அவசரப்படவில்லை. முழுவதும் படித்துச் சொல்லச் சொன்னேன். பெட்டிகளின்மேல் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பிறகு பேனாவை வாங்கி, அவர் விரல் இருந்த இடத்துக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில், தமிழில் இரண்டு வரி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. போய் நகல் எடுத்துவந்து ஒன்றை என் கையில் கொடுத்தார்.

அந்த நகலைத் தேவி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள அலமாரியில், உங்கள் பிறப்புப் பத்திரங்களோடு வைத்திருக்கிறாள். எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருப்பது அவர்கள் எழுதியது. கீழே குண்டு எழுத்தில் இருப்பது உங்கள் அப்பா எழுதியது:

'பெற்றுக்கொண்டேன்.
ஒப்புக்கொள்ளவில்லை.'